ஏற்காட்டில் நட்சத்திரம் பார்க்கப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஏற்காட்டில் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவார்கள். இந்த முறை ஒரு இரவாவது மேலே தங்குங்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ எத்தனை பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் அடிவானத்துக்கு மேலே எழாத நட்சத்திரங்கள் இங்கே வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஏற்காடு கிட்டத்தட்ட 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல், நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். ஒரு தென்னை மரமே அதை மறைத்துவிடும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நிறையத் திறந்துகொள்கிறது. பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்து நில்லுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பளீரென்று சிரியஸ். அதிலிருந்து நேராகக் கீழே வந்தால் தனியாக ஒன்று மின்னும். அதுதான் நம் பெரியவர்கள் சொல்லும் அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ். என் அம்மாயி அதை வாசலில் நின்றே காட்டுவார். கனடாவில் அதைத் தேடி ஏமாந்த பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

தென்சிலுவை என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டத்துக்கு ஏப்ரல் முதல் வாரம், இரவு பத்தரைக்கு மேல் நல்ல நேரம். இரண்டு முஷ்டி உயரம்கூட இருக்காது. பின்னிரவில் விருச்சிகம் மேலே ஏறும்; நடுவில் சிவப்பாகக் கேட்டை, வால் முனையில் மூலம். லண்டனில் இந்த வால் முழுதாக மேலே வருவதே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சேலம் நகரம் ஏற்காட்டுக்குத் தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து இருக்கிறது. லேடீஸ் சீட்டிலிருந்து நகர விளக்குகள் கொள்ளை அழகு, ஆனால் நட்சத்திரத்துக்கு அந்த இடம் ஆகாது. சிலுவை உச்சத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், தென்கிழக்கில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அப்போது அது சேலத்தின் வெளிச்சத்துக்கு இடப்பக்கம் தள்ளியிருக்கும்.

அறை பதிவு செய்யும்போது 'வியூ' நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். "மொட்டை மாடிக்கு ராத்திரி போகலாமா, தெற்குப் பக்கம் மரம் மறைக்குமா, வெளி விளக்கை அணைப்பீர்களா?" என்று கேளுங்கள். காபி எஸ்டேட்டுக்குள் சில்வர் ஓக் மரங்கள் வானத்தை முழுக்க மூடிவிடும். சேர்வராயன் கோயில் பக்கம் உயரமான திறந்த வெளிதான், ஆனால் இருட்டிய பிறகு அங்கே போகச் சொல்ல மாட்டேன். காட்டெருமை நடமாடும் மலை இது. கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நம்ப முடியாது. மே மாதம் கோடை விழாக் கூட்டமும் விளக்கும். ஒரு மே மாதம் மூன்று இரவு தங்கி, பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவன் நான்.

தொலைநோக்கி தூக்கி வர வேண்டாம். 10x50 பைனாகுலர் போதும். வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் இடத்தை ஏற்காடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

ஏப்ரல் 20, 21 வாக்கில் சேலத்தில் இருந்தால் பகலிலும் ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டே கால் மணியளவில் ஒரு டம்ளரை வெயிலில் வையுங்கள், சூரியன் நேர் உச்சியில் இருப்பதால் நிழலே விழாது. ஆகஸ்ட் 22 வாக்கிலும் இது நடக்கும். வெப்ப மண்டலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்காத காட்சி, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒரு சனிக்கிழமை கையில் இருந்தால் திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலையின் காவலூருக்குப் போய் வரலாம். 1986-ல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கி வழியாகக் காட்டவும் செய்வார்கள். புறப்படும் முன் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.