தன்னார்வ ரெஜிமென்ட் ஒன்றின் சேவை வரலாற்றைத் தொகுப்பது எப்படி: 20ஆம் மேய்ன் காலாட்படையை முன்வைத்து

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வடக்குத் தரப்பில் நின்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நிலையான இராணுவத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். மாநிலங்கள் ஊர் ஊராகத் திரட்டி அனுப்பிய தன்னார்வலர்கள். பதிவேடுகளும் ரெஜிமென்ட் என்னும் படைப்பிரிவு வாரியாகவே எழுதப்பட்டதால், அந்தப் போரில் ஒரு மனிதனைத் தேடினாலும் ஒரு சண்டையைத் தேடினாலும் முதலில் ரெஜிமென்டைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கிடைத்த போர்ப்பட்டியலை அப்படியே படியெடுத்து வைத்தால் அது வரலாறு ஆகிவிடாது. எந்த நாளில், எங்கே, எத்தனை பேர் உண்மையில் இருந்தார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு வரியிடமும் கேட்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதை, 1863இல் கெட்டிஸ்பர்க் சண்டையில் புகழ்பெற்ற, மேய்ன் மாநிலத்தின் 20ஆம் ரெஜிமென்டைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். எண் மாநிலத்துக்கு உரியது; 20ஆம் மேய்ன் இருந்தது போலவே 20ஆம் மாசசூசெட்ஸும் 20ஆம் இண்டியானாவும் இருந்தன. மக்கள் வழங்கிய பெயரும் அரசுப் பெயரும் வேறுபடுவதுண்டு: புரூக்ளின்காரர்கள் 14ஆம் புரூக்ளின் என்று கொண்டாடிய படை, அரசு ஏடுகளில் 84ஆம் நியூயார்க். போர் நடுவில் பெயர் மாறியவையும் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட 1ஆம் தென் கரோலினா தன்னார்வப் படை, 1864இல் கறுப்பினத் துருப்புகளின் 33ஆம் ரெஜிமென்டாயிற்று. ரெஜிமென்டுக்குள் பத்துக் கம்பெனிகள், ஏ முதல் கே வரை. ஜே என்ற எழுத்து மட்டும் இராது. ஜே கம்பெனி என்று ஏதேனும் ஒரு தாளில் கண்டால், பிற்காலத்தவர் யாரோ ஐ என்ற எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

அடுத்து, படை முறைப்படி பணியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளையும் ஒப்பந்தக் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1861 ஏப்ரலில் லிங்கன் கேட்ட 75,000 பேர் மூன்று மாதங்களுக்கு மட்டுமே வந்தவர்கள். 1862 ஜூலையில் கேட்ட 3,00,000 பேர் மூன்றாண்டுகளுக்கு வந்தவர்கள். 20ஆம் மேய்ன் இந்தப் பிந்தைய அழைப்பில் பிறந்தது: 1862 ஆகஸ்ட் 29 அன்று போர்ட்லேண்டில் பணியேற்றது. அடெல்பர்ட் ஏம்ஸ் கர்னல், அதாவது ரெஜிமென்டின் தலைவர். போடன் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜோஷுவா சேம்பர்லேன் லெப்டினன்ட் கர்னல், அவருக்கு அடுத்தவர்; கெட்டிஸ்பர்கில் கர்னலாக ரெஜிமென்டை நடத்தியவர் இவரே. ஒப்பந்தக் காலம் ஏதோ எழுத்தர் வேலை என்று எண்ணி இதைக் கடந்துவிடாதீர்கள். 2ஆம் மேய்ன் ரெஜிமென்ட் 1863இல் இரண்டாண்டு முடிந்து வீடு திரும்பியபோது, மூன்றாண்டுத் தாளில் கையெழுத்திட்டிருந்த சுமார் 120 பேர் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டார்கள். பணிசெய்ய மறுத்த அவர்கள் காவலுடன் 20ஆம் மேய்னுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் மனம் மாறித் துப்பாக்கி ஏந்தினார்கள். கெட்டிஸ்பர்கில் ரெஜிமென்டின் கொடியைத் தாங்கி நின்ற சார்ஜன்ட் ஆண்ட்ரூ டோசியரும் 2ஆம் மேய்னிலிருந்து வந்தவரே. ஒரு மனிதனின் பதிவு இரண்டு ரெஜிமென்டுகளில் பிரிந்து கிடக்கும் என்பதை அறியாதவர் அவர் கதையில் பாதியைத்தான் எழுதுவார்.

இனி எலும்புக்கூட்டை அமைக்க வேண்டும். போரில் முரசடிக்கும் சிறுவனாகப் பணியாற்றிய ஃபிரடெரிக் டையர் 1908இல் வெளியிட்ட தொகுப்பேட்டில், வடக்குத் தரப்பு ரெஜிமென்டுகள் ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான குறிப்பு உண்டு: எந்தக் கோர், எந்த டிவிஷன், எந்த பிரிகேட் (சில ரெஜிமென்டுகள் சேர்ந்தது பிரிகேட், பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தது கோர்), எங்கெங்கே சென்றது, எத்தனை பேரை இழந்தது. 20ஆம் மேய்ன் தன் காலம் முழுவதும் வடக்குத் தரப்பின் போடோமக் படையின் 5ஆம் கோரில், முதல் டிவிஷனின் மூன்றாம் பிரிகேடில் இருந்தது. இந்த முகவரி கைக்கு வந்தபின், அரசு 1880 முதல் 1901 வரை அச்சிட்ட 128 பகுதிகள் கொண்ட போர் ஆவணத் தொகுதிக்குள் நுழையலாம். ரெஜிமென்ட் தளபதியின் அறிக்கை கிடைக்காத நாள்களுக்கு பிரிகேட் தளபதியின் அறிக்கையைப் படியுங்கள்; பக்கத்தில் நின்ற ரெஜிமென்டுகளின் அறிக்கைகளையும் விடாதீர்கள். கெட்டிஸ்பர்கின் இரண்டாம் நாளுக்கு 83ஆம் பென்சில்வேனியா, 44ஆம் நியூயார்க், 16ஆம் மிச்சிகன் ஆகிய மூன்றும் சொல்வதைக் கேட்காமல் 20ஆம் மேய்னை மட்டும் எழுதுவது, அண்டை வீட்டாரைக் கேட்காமல் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது.

எலும்புக்கூட்டில் ஒரு போரின் பெயர் இருப்பதாலேயே படை அங்கே சுட்டது என்று பொருளாகாது. ஆன்டிடத்தில் (1862 செப்டம்பர் 17) 20ஆம் மேய்ன் பின்னணிப் படையாக நின்றது. மூன்று நாள் கழித்து ஷெப்பர்ட்ஸ்டவுன் ஆற்றுத்துறையில்தான் எதிரியின் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தது. சான்சலர்ஸ்வில் சண்டையின்போது, பழுதான அம்மைப்பால் குத்தியதால் முகாமில் பெரியம்மை பரவி, ரெஜிமென்ட் தனிமைப்படுத்தப்பட்டுத் தந்திக் கம்பிகளைக் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு போர்ப் பெயருக்கும் எதிரே, முன்வரிசை, பின்னணி, காவல், அணிவகுப்பு என்று என்ன பணி என்பதை எழுதிவையுங்கள். ஒரு கம்பெனி பிரிந்து சென்றிருந்தால் அதையும் குறியுங்கள். கெட்டிஸ்பர்கில் வால்டர் மாரில் தலைமையிலான பி கம்பெனி, ரெஜிமென்டின் இடப்பக்கம் தனியே அனுப்பப்பட்டு, ஒரு கல்சுவருக்குப் பின்னிருந்து கடைசி நேரத்தில் சுட்டது.

எண்ணிக்கைதான் மிகுந்த பொறுமையைக் கேட்கும் பகுதி. 1863 ஜூலை 2 அன்று லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் 20ஆம் மேய்னின் பலம் 386 என்று ஓரிடத்தில் படிப்பீர்கள், 358 என்று மற்றோரிடத்தில் படிப்பீர்கள். இரண்டும் சரியே: 358 என்பது துப்பாக்கி ஏந்தியோர், 386 என்பது 28 அதிகாரிகளையும் சேர்த்தது. இழப்பிலும் அப்படியே. சண்டைக்குப் பின் அனுப்பப்பட்ட கணக்கில் இறந்தோர் 29, காயமுற்றோர் 91, காணாமற்போனோர் 5. ஆனால் பிற்காலக் கணக்கில் இறந்தோர் 38 ஆகிவிடுகிறார்கள். இதில் பொய் ஏதுமில்லை. மருத்துவமனையில் பின்னர் உயிர்விட்டவர்கள் முதற்கணக்கில் காயமுற்றோராகவே நிற்பார்கள். எனவே எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தத் தேதியில், யாரை உள்ளடக்கி எடுக்கப்பட்டது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெவ்வேறு நாள்களின் எண்களை வகுத்து விழுக்காடு காண்பது இத்துறையில் மலிந்த தவறு. அதே மாலையில் 1ஆம் மினசோட்டா நடத்திய பாய்ச்சலுக்கு, 262 பேரில் 215 பேர் வீழ்ந்தார்கள் என்று நினைவுச்சின்னத்திலேயே பொறித்திருக்கிறார்கள். கல்லில் இருக்கிறது என்பதற்காகவும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, கம்பெனிப் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட்டே எடுக்க வேண்டும்.

அந்தப் பெயர்களுக்கு உதவுவது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள தனிநபர் சேவைப் பதிவுகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட படைப்பட்டியல்களிலிருந்து, ஒவ்வொருவரும் இருந்தாரா, இல்லையா, எங்கே போனார் என்பதைச் சிறு அட்டைகளில் எழுத்தர்கள் பிற்காலத்தில் பெயர்த்தெழுதினார்கள். இரு பட்டியல்களுக்கு நடுவே நடந்ததை இவை காட்டா என்பதை மறவாதீர்கள். ஓய்வூதியக் கோப்புகள் இவற்றைவிடச் சுவையானவை: தோழர்களின் சாட்சியம், மருத்துவர் அறிக்கை, சில வேளைகளில் திருமணச் சான்றும் உள்ளே இருக்கும். ஆயினும் அவை பல ஆண்டுகள் கழித்து, ஒரு தொகையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. முழங்கால் வலி எந்த ஆண்டில் தொடங்கியது என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய மாட்டேன்.

கர்னலின் கதையை ரெஜிமென்டின் கதையாக்கிவிடும் பழக்கம் 20ஆம் மேய்ன் விஷயத்தில் மிகுதி. சேம்பர்லேன் 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்கில் படுகாயமுற்றபோது அவர் நடத்திக்கொண்டிருந்தது வேறொரு பிரிகேடை. அவருடைய நினைவுகளை, லிட்டில் ரவுண்ட் டாப்பில் எதிரே நின்ற தெற்குத் தரப்பின் 15ஆம் அலபாமாவின் கர்னல் வில்லியம் ஓட்ஸ் எழுதியவற்றோடும், சேம்பர்லேனின் கீழிருந்த எல்லிஸ் ஸ்பியர் பிற்காலத்தில் மறுத்துச் சொன்னவற்றோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இறுதியாகக் கலைப்பு. பழைய வீரர்கள் 1865 ஜூன் 4 அன்றும் எஞ்சியோர் ஜூலை 16 அன்றும் விடுவிக்கப்பட்டார்கள். மொத்த இழப்பில் சண்டையால் இறந்தோர் 147, நோயால் இறந்தோர் 146. ஆகவே உங்கள் காலவரிசையில் முகாம் நாள்களுக்கும் சண்டை நாள்களுக்குச் சமமாக இடம் விடுங்கள். ஜூனில் 16ஆம் மேய்ன் கலைக்கப்பட்டபோது அதன் புதுச் சேர்க்கையாளர்கள் 20ஆம் மேய்னுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு குடும்பத்தார் தம் முன்னோர் 20ஆம் மேய்ன்காரர் என்று சொன்னால், குன்றின் மேல் அவரை நிறுத்துவதற்கு முன், அவருடைய அட்டையில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.