இங்கிலீஷ்ல ஒருமை பன்மை: எங்க எஸ், எங்க ஈஎஸ், எங்க ஒண்ணுமே வேணாம்

இங்கிலீஷ் பேச ஆரம்பிக்கிற நம்மாளுங்க அதிகமா சறுக்குற எடம் இந்த எஸ் தாங்க. தமிழ்ல நாலு மாடு, பத்து ரூபா, ரெண்டு இட்லின்னா போதும், நம்பர் வந்துட்டா 'கள்' போட்டே ஆகணும்னு இல்ல, அந்தப் பழக்கத்துலயே டூ புக், த்ரீ பென்னுன்னு வந்துடுது. அங்க அந்தச் சலுகை கிடையாது, டூ புக்ஸ் தான்.

ஸ்டெப் 1: ஸ்பெல்லிங்க விடுங்க, வார்த்தையச் சொல்லிப் பாருங்க. கடைசியில ஸ், ஷ், ச், ஜ் மாதிரி சத்தம் வந்தா அது மேல இன்னொரு எஸ் ஒட்டாது, நாக்கு மாட்டிக்கும், அதனால ஒரு அசை கூடும். பஸ் பஸ்ஸஸ் ஆகும், வாட்ச் வாட்ச்சஸ், பாக்ஸ் பாக்ஸஸ். எழுதும்போது ஈஎஸ் (ரோஸ் மாதிரி ஏற்கனவே ஈ-ல முடிஞ்சா எஸ் மட்டும்). ஸ்டமக் எழுத்துல சிஎச்-ல தான் முடியுது, ஆனா சத்தம் 'க்', அதனால வெறும் எஸ் போதும்.

ஸ்டெப் 2: ஒய்-ல முடிஞ்சா அதுக்கு முந்தின எழுத்தப் பாருங்க. ஏ, ஈ, ஓ, யூ மாதிரி உயிரெழுத்துன்னா பாய்ஸ், கீஸ்னு நேரா எஸ். இல்லன்னா, பேபி, சிட்டி மாதிரி, ஒய்ய தூக்கிட்டு ஐஈஎஸ்.

ஸ்டெப் 3: இங்க லாஜிக் தேடாதீங்க, மனப்பாடம் தான். நைஃப் நைவ்ஸ், லீஃப் லீவ்ஸ், ஆனா ரூஃப் ரூஃப்ஸ். பொட்டேட்டோ, டொமேட்டோவுக்கு ஈஎஸ், போட்டோவுக்கு எஸ். மேன் மென், ஃபுட் ஃபீட், ஷீப் எத்தன இருந்தாலும் ஷீப். சைல்ட் சில்ட்ரன் ஆகும், சில்ட்ரன்ஸ்னு சொல்லாதீங்க, பாவம் அந்த வார்த்தையில பழைய காலத்துலயே ஒரு பன்மை விகுதி மேல இன்னொண்ண ஏத்திட்டாங்க, மூணாவதா நாமளும் ஒண்ணு வைக்கணுமா? சில்ட்ரன்ஸ் பார்க்ல வர்ற எஸ் வேற, அது 'உடைய'ங்கற அர்த்தம்.

ஸ்டெப் 4, என்னைக் கேட்டா இதான் முக்கியம், ஏன்னா ஆபீஸ் மெயில்லயே தினமும் பாக்கலாம். ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், இதுக்கெல்லாம் எஸ் கிடையவே கிடையாது. எண்ணிச் சொல்லணும்னா டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ், இல்ல சிம்பிளா டூ பேக்ஸ். நியூஸ் எஸ்-ல முடிஞ்சாலும் ஒருமை, த நியூஸ் ஈஸ் குட். தலைமுடி மொத்தமும் ஹேர் தான், ஆனா சாம்பார்ல ரெண்டு முடி கெடந்தா சர்வர்கிட்ட டூ ஹேர்ஸ்னு தாராளமா சொல்லலாம், அங்க எண்ணுறோம்ல.

கடைசியா ஒண்ணு, ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்னு பாதி பேர் சொல்றோம். பல ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தர்னு தானே அர்த்தம், அதனால ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ், ஆனா பேசுறது அந்த ஒருத்தரப் பத்தி, அதனால பின்னாடி ஈஸ் தான் வரும், ஆர் வராது: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஈஸ் இன் மதுரை.