பழைய இணைப்பை இப்போதே வெட்டிவிடாதீர்கள்

அலுவலக இணையத் தொலைபேசியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூன்று முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை, புதிய இணைப்பு வந்த மகிழ்ச்சியில் பழைய கணக்கை ரத்து செய்துவிட்டேன். கணக்கோடு எண்ணும் போய்விட்டது. அதை மீட்பதற்குள் படாத பாடு பட்டேன். எண் புதிய நிறுவனத்துக்கு முழுதாக மாறி, வெளியிலிருந்து நீங்களே அழைத்துப் பார்த்த பிறகுதான் ரத்து. எண் மாற்ற விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் கணக்கு எண்ணும் பழைய பில்லில் உள்ளபடியே இருக்கட்டும்; சிறிய வேறுபாட்டுக்கும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதற்கும் முந்தைய வேலை, நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவது. கணினித் திரையில் தெரியும் எக்ஸ்டென்ஷன் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். வாசல் கதவின் அழைப்புக் கருவி, தொலைநகல், லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி எல்லாம் எந்த இணைப்பில் ஓடுகின்றன என்று யாருக்கும் நினைவிருக்காது. வரவேற்புக் குரல், பதிவான உரையாடல்கள் ஆகியவற்றைக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய தொலைபேசிக் கருவிகளையே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் ஒன்றில் மட்டும் சோதியுங்கள். அமைப்புகளையெல்லாம் அழித்தாலும் சில கருவிகள் எழுந்தவுடன் பழைய நிறுவனத்தின் சர்வரையே தேடி ஓடும். அவர்கள் தங்கள் பதிவிலிருந்து விடுவித்தால்தான் அடங்கும்.

இணைய வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குரலை எண்வடிவில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது.

என்னை உண்மையில் படுத்தியது ரவுட்டர். இரண்டாவது மாற்றத்தின் முதல் நாள் காலை, வரவேற்பு மேசையில் மணி அடித்தது. எடுத்தவர் "ஹலோ, ஹலோ" என்கிறார். மறுமுனையில் இருப்பவர் பேசுவது இவருக்குத் தெளிவாகக் கேட்கிறது, இவர் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. மணியடிக்க வைக்கும் தகவல் ஒரு வழியில் வருகிறது, பெரும்பாலும் போர்ட் 5060 (போர்ட் என்பது தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்). குரல் வேறு போர்ட்களில் தனியாகப் பயணிக்கிறது. ரவுட்டரில், இணைய அழைப்புத் தகவலைக் கையாளும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி உண்டு. உதவி செய்வதாக நினைத்து இடையில் அந்தத் தகவலில் உள்ள இணைய முகவரியை மாற்றிக் குழப்பும். அதை அணைத்ததும் குரல் போய்ச் சேர்ந்தது.

எண் மாறிய நாளில் கைபேசியிலிருந்து அழைத்து, "விற்பனைக்கு 1" என்பதை அழுத்திப் பாருங்கள். அவசர உதவிக்காகப் பதிவாகியுள்ள முகவரியையும் சரிபாருங்கள். பிறகு வாசலுக்குப் போய்க் கதவு மணியை அழுத்துங்கள்.