அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட்: புதன்கிழமையைக் குறித்து வையுங்கள்

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க பசிஃபிக் நேரம் காலை 10 மணிக்கு வெளியிடும். சிங்கப்பூரில் அப்போது புதன் அதிகாலை 1 அல்லது 2 மணி. கவனியுங்கள், இது இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள். மாதம் புதன்கிழமை பிறந்தால் 'இரண்டாம் புதன்' ஒரு வாரம் முன்பே வந்துவிடும்.

சிங்கப்பூரின் உபியிலோ சிராங்கூன் ரோட்டிலோ சின்ன அலுவலகம் என்றாலும், டொமைன் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் பிணையம்) இருந்தால் ஒவ்வொரு கணினியாகப் போய்ப் பார்க்க வேண்டாம். கணினிகளை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்தில் விதி போடும் வசதி) 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய், குழுவுக்கு ஒன்றாக இரண்டு பாலிசி போடுங்கள். முதல் குழுவுக்குத் தாமதமே வேண்டாம். மற்றவர்களுக்கு 7 நாள். முதல் குழுவில் கணக்குப் பிரிவுக் கணினி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பிரிண்டரும் சம்பள மென்பொருளும் படுத்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

30 நாள் வரை தள்ளிப்போட பாலிசி இடம் கொடுக்கும். தயவுசெய்து அவ்வளவு தள்ளாதீர்கள். அப்டேட் வந்ததுமே ஓட்டை எங்கே என்று தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாமலிருக்க 'ஆக்டிவ் அவர்ஸ்' காலை 8 முதல் இரவு 8 வரை வையுங்கள். கெடு தேதி பாலிசியையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சிலர் ரீஸ்டார்ட்டைத் தள்ளிக்கொண்டே போவார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. புதுக் கணினி வாங்கும்போதே புரோ கேளுங்கள்.