"எத்தனை மணி நேரம்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: சமூக ஊடக ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக ஊடகமும் வளரிளம் பருவத்தினரின் மனநலமும் என்று தலைப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழு தொடங்குபவர்களின் வினாத்தாளில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறாய்?" முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது.

அதற்குச் சரியான பதில் யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்துக் கீழே வைத்த ஒவ்வொரு தடவையையும் யார் கூட்டிக்கொண்டிருப்பார்கள்? மக்கள் தாங்களாகச் சொன்ன நேரத்தையும் கருவியில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு 2021இல் வந்தது. இரண்டும் ஓரளவுதான் ஒத்துப்போயின. முடிந்தவரை, போனில் பதிவாகும் ஸ்கிரீன் டைம் கணக்கையே ஒப்புதலோடு வாங்குங்கள்.

சரி, கணக்கு துல்லியமாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெண் இரண்டு மணி நேரம் தோழியோடு வீடியோ காலில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, தன்னை மட்டும் அழைக்காத பிறந்தநாள் விழாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, யார் யார் போயிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தரவுத்தாளில் இருவருக்கும் 120 நிமிடம். என்ன பார்த்தாய், யாரோடு இருந்தாய், அப்போது மனசு எப்படி இருந்தது என்று கேட்காவிட்டால் இந்த இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

சராசரியை மட்டும் பார்ப்பதும் இதே போன்ற தவறுதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளரிளம் பருவத்தினர் 63 பேரின் மனநிலையை அன்றாடம் பல முறை கேட்டுப் பதிந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களின் பதிவுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதத்தினர் நன்றாக உணர்ந்தார்கள், 44 சதவீதத்தினருக்கு மாற்றமில்லை, 10 சதவீதத்தினருக்கு மனம் வாடியது. சிறிய ஆய்வுதான், உலகத்துக்கே பொருத்திச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சராசரி மட்டும் எடுத்திருந்தால், மனம் வாடிய அந்த ஆறேழு பிள்ளைகள் நம் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள்.

வயதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பிரிட்டன் தரவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வில், பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டு வாழ்க்கைத் திருப்தி குறையும் போக்கு சில வயதுகளில் எடுப்பாகத் தெரிந்தது: பெண்களுக்கு 11 முதல் 13, ஆண்களுக்கு 14, 15, அப்புறம் இரு பாலருக்கும் 19. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை ஒன்றாகக் கலந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டாலே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று எழுதிவிடுவது பழைய தவறு, இன்னும் ஓயவில்லை. மனம் சோர்ந்த பிள்ளை போனுக்குள் ஒதுங்கியிருக்கலாம். மறுபக்கமும் கவனம் தேவை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை அலசிய 2019ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு ஆய்வு, நல்வாழ்வில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாடு விளக்குகிறது என்றது. அதை எடுத்துக்கொண்டு "யாருக்கும் பாதிப்பில்லை" என்று எழுதினால் அதுவும் பிழைதான்.

பெற்றோர் கையெழுத்து போட்டுவிட்டார்கள் என்பதோடு விடாமல், பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேளுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது வேறொன்று. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் நினைத்ததுண்டா என்று கேட்கிறது. இரவு பதினொன்றரைக்கு ஒரு பையன் "கிட்டத்தட்ட தினமும்" என்று குறித்துவிட்டு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துகிறான். "பங்கேற்றதற்கு நன்றி" என்று திரையில் வருகிறது. மூன்று மாதம் கழித்து, பகுப்பாய்வு தொடங்கும்போதுதான் அந்த விடையை ஒருவர் பார்க்கிறார்.

இப்படி நடக்கவே கூடாது. அந்தக் கேள்வியை வைப்பதற்கு முன்பே, விடைகளை உடனுக்குடன் பார்ப்பவர் யார், எந்த மனநல மருத்துவரிடம் சொல்வது, வீட்டில் யாரை அழைப்பது என்று எழுதி முடித்திருக்க வேண்டும். இன்ன விடை வந்தால் உன்னைத் தொடர்புகொள்வோம் என்று பிள்ளையிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்கும் ஆள் இல்லையென்றால், ஆள் கிடைக்கும்வரை ஆய்வைத் தள்ளிப்போடுங்கள்.