ஆப்ஜெக்ட் கோப்பு எங்கே போய் விழுகிறது? பில்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக்கு, சி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நாம் எழுதும் மூலக்கோப்பு (.சி) ஒவ்வொன்றையும் கம்பைல் செய்தால் கிடைக்கும் இடைநிலைக் கோப்புதான் ஆப்ஜெக்ட் (.ஓ); அவற்றை ஒட்டி நிரலாக்குவது லிங்கர். மூலக்கோப்புகள் ‘குலை’, ‘லாரி’ என இரண்டு கோப்புறைகளில். இரண்டிலும் ஒரு யூட்டில்.சி. வம்பு அங்கேதான்.

நிரலைக் கட்டும் (பில்டு) வேலையை நடத்தும் ‘மேக்’ கருவிக்கான கோப்பு மேக்ஃபைல். அதில் கோப்புறைப் பெயரை வெட்டிவிட்டு எல்லா ஆப்ஜெக்டையும் ‘பில்டு’ கோப்புறையில் மொத்தமாகக் கொட்டினால், இரண்டுக்கும் கிடைப்பது ஒரே யூட்டில்.ஓ. விபாத் (மூலத்தைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) வழியே தேடும் மேக், முதலில் கண்ணில் படுவதை மட்டும் கம்பைல் செய்யும். மற்றதன் ஃபங்ஷன்களைக் காணாமல் லிங்கர் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்று கத்தும். கத்தினால் பிழைத்தோம். இரண்டிலும் ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றாக இருந்துவிட்டால் வாயே திறக்காது. லாரியின் வெற்று எடையைக் கழிக்கும் இடத்தில் குலைக் கணக்கு ஓடும். மூலத்தின் பாதையை அப்படியே பில்டுக்குள் கொண்டுவாருங்கள்: பில்டு/குலை/யூட்டில்.ஓ, பில்டு/லாரி/யூட்டில்.ஓ. பெயர் மோதினாலும் லிங்கரே ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மேக்ஃபைலில் அந்த பில்டு கோப்புறைகளைச் சாதாரண முன்தேவையாக எழுதாதீர்கள் (முன்தேவை ஆப்ஜெக்டைவிடப் புதிதாக இருந்தால் மேக் ஆப்ஜெக்டை மறுபடி உருவாக்கும்). உள்ளே புதுக் கோப்பு விழும்போதெல்லாம் கோப்புறையின் நேரமுத்திரை மாறும். ஒரு வரியும் தொடாமலே மேக் மறுபடி கம்பைல் செய்துகொண்டிருக்கும். நெட்டைக்கோட்டுக்கு (|) வலப்பக்கம் எழுதினால், இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், நேரத்தைப் பார்க்காது.

ஆபீஸ் மடிக்கணினி இன்டெல், எடைமேடையில் ராஸ்பெர்ரி பை (ஆர்ம் சிப்பில் ஓடும் சிறு கணினி) என்றால் இரண்டுக்கும் தனித்தனி பில்டு கோப்புறை. இல்லாவிட்டால், மூலத்தைவிடப் புதிதாக இருக்கும் இன்டெல் ஆப்ஜெக்டையே மேக் ஆர்ம் லிங்கரிடம் நீட்டும். பிழை தேடும் டீபக் பில்டு, பயனருக்குக் கொடுக்கும் ரிலீஸ் பில்டு ஆகியவற்றுக்கும் இதே பிரிவினைதான். ரப்பர் பாலும் ஒட்டுப்பாலும் ஒரே வாளிக்குப் போகாது என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேக்ஃபைலைத் தானே எழுதித்தரும் சிமேக்கில் ஆளைக் குழப்புவது வேறொன்று. மூலக்கோப்புறையிலேயே ஒருமுறை ஓட்டிவிட்டால் அங்கே சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி தங்கிவிடும். பிறகு பில்டுக்குள் போய் ‘சிமேக் ..’ அடித்தாலும், அந்தக் கேஷைப் பார்த்துப் பழைய இடத்திலேயே எழுதும். அதையும் சிமேக்ஃபைல்ஸ் கோப்புறையையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். 3.13 பதிப்பு முதல் ‘-எஸ்’ மூலத்தையும் ‘-பி’ பில்டையும் வெளிப்படையாகச் சொல்லும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஆப்ஜெக்டை .கிட்இக்னோர் தடுக்காது, ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ தேவை.

மேக்ஃபைலில் பழைய பில்டைத் துடைக்கும் ‘கிளீன்’ விதியில், பில்டு கோப்புறைப் பெயரைத் தாங்கும் மாறியோடு ‘/*’ சேர்த்து ‘ஆர்எம் -ஆர்எஃப்’ (கேட்காமல் அழிக்கும் கட்டளை) எழுதுவது மகா ஆபத்து. மாறி காலியாக இருந்தால் மிஞ்சுவது வெறும் ‘/*’, அதாவது முழு டிஸ்க். கோப்புறைப் பெயரை அங்கே நேரடியாகவே எழுதிவிடுங்கள்.