கோயாவின் திருவிழா ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

ஓவியம் பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'சான் இசிட்ரோ புல்வெளி'. ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1788இல் வரைந்தது. மாட்ரிட் நகரின் பாதுகாவல் புனிதரான சான் இசிட்ரோ ஒரு பண்ணையாள். அவர் திருநாளான மே 15 அன்று மக்கள் மன்சனாரெஸ் ஆற்றைத் தாண்டி வந்து புல்வெளியில் கூடுவார்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியக இணையதளத்தில் படம் இருக்கிறது. முடிந்தால் கணினித் திரையில் பாருங்கள்.

படி 1: படத்தின் உயரம் சுமார் 42 செ.மீ., அகலம் சுமார் 91 செ.மீ. ஸ்கேலை எடுத்து, இரண்டு செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை சிறிய இடம்தான்!

படி 2: கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முன்னால் மேடு, நடுவில் வெளிறிய புல்வெளி, மேலே நகரமும் வானமும். இந்த மூன்று பட்டைகளையும் பென்சிலால் போடுங்கள். ஆட்கள் இப்போது வேண்டாம்.

படி 3: எதிர்க்கரையில் இடப்பக்கம் தெரிவது மாட்ரிட்டின் அரச அரண்மனை. அதற்கு வலப்பக்கம், பெரிய குவிமாடத்தோடு சான் பிரான்சிஸ்கோ எல் கிராண்டே தேவாலயம். அதன் பலிபீடம் ஒன்றுக்குக் கோயாவே படம் வரைந்திருக்கிறார்.

படி 4: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் தொடங்கி, படத்தைப் பெரிதாக்கியபடி மெல்ல ஆற்றை நோக்கி நகருங்கள். முன்னால் முகம், துணி மடிப்பு எல்லாம் தெரியும். கொஞ்சம் தள்ளினால் முகம் போய்விடும், அப்புறம் கை கால். கடைசியில் வெறும் வண்ணத் தீற்றல்தான் மிஞ்சும். ஆனாலும் படத்தைச் சிறிதாக்கினால் அத்தனையும் ஜனக்கூட்டம்! முகம் எங்கே மறைகிறது, உருவம் எங்கே தீற்றலாகிறது என்று உங்கள் பென்சில் படத்தில் இரண்டு கோடுகள் போடுங்கள். கூட்டத்துக்கு ஆழம் எப்படி வந்தது என்பது அந்தக் கோடுகளிலேயே தெரியும்.

படி 5: இப்போது வரலாறு. மாட்ரிட்டுக்கு அருகிலுள்ள எல் பார்தோ அரண்மனையில் இளவரசிகளின் படுக்கையறைச் சுவரில் தொங்கவிட நெய்யவிருந்த சித்திரச் சீலைக்கான முன்வரைவு இது. 1788 டிசம்பரில் மன்னர் மூன்றாம் கார்லோஸ் இறந்தார், வேலை நின்றது, சீலை நெய்யப்படவேயில்லை. நல்லதுதான் என்பேன், இந்தத் தீற்றல்களை நூலில் கொண்டுவருவது நெசவாளர்களுக்குப் பெரும்பாடு.

படி 6: முதல் படம் பிடிபட்டதும், 1820க்குப் பிறகு கோயா தன் வீட்டுச் சுவரில் வரைந்த 'சான் இசிட்ரோ யாத்திரை'யைத் திறங்கள். அதே திருநாள், அதே ஓவியர். ஆனால் இருட்டு, வாய் பிளந்து நெருக்கியடித்து வரும் முகங்கள். இதிலும் படி 2, படி 4 இரண்டையும் செய்து, இரண்டு பென்சில் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.